நெல்லித்தோப்பில் ஒரு செபமாலை மாதம்

புதுச்சேரியில் ரிக்‌ஷா ஏறி “மாதா கோயில்” என்று மட்டும் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். ரிக்‌ஷாக்காரர் மறுபேச்சுப் பேசாமல் மிதித்தார். கடற்கரைப் பக்கத்து அகலமான தெருக்கள் வழியாகப் போய், பெரிய கோயில் ஒன்றின் முன்னால் என்னையும் என் பெட்டியையும் இறக்கினார். அழகான கோயில்தான். ஆனால் என் அண்ணன் வீடு அதன் பக்கத்தில் இல்லை. மறுபடி ஏற்றி இன்னொரு கோயிலுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்து, “எந்த மாதாம்மா? பேரு சொல்லுங்க. இங்க ஏகப்பட்ட மாதா கீறாங்க” என்றார்.

“நெல்லித்தோப்பு” என்றேன்.

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்றார்.

எங்கள் கிள்ளானில் இந்தக் குழப்பம் கிடையாது. எங்களுக்கு ஒரே ஒரு சர்ச்சு. அதில் மாதா இல்லை. நாங்கள் புராட்டஸ்டண்டுக்காரர்கள்.

போன காரியம் என் அண்ணன் சாமுவேலைப் பார்ப்பது. இருவரும் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எனக்கு நீல அடையாள அட்டை கிடைத்தது. அதாவது நான் மலேசியக் குடிமகள். அண்ணனுக்குச் சிவப்பு அட்டை. அதாவது அவர் இல்லை. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன காலத்தில் தோட்டத்தில் பலர் கப்பலேறினார்கள். அண்ணி லூர்து மேரிக்குப் பூர்வீகம் புதுச்சேரி. ஆகவே அண்ணன், தான் ஒருநாளும் பார்த்திராத ஊருக்குத் திரும்பிப் போனார். நெல்லித்தோப்பில் குடியேறி மில் வேலையில் சேர்ந்தார். அதற்கு முன்பே கல்யாணத்துக்காகக் கத்தோலிக்கராகவும் ஆகியிருந்தார். இந்த இரண்டில் எது பெரிய இழப்பு என்று எங்கள் அம்மாவால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், அண்ணனுக்கு வாதம் அடித்துவிட்டது என்று தந்தி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியையான எனக்கு விடுப்பு கிடைத்து, நான் போய்ச் சேர்வதற்குள் மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். “வந்துட்டியா கிரேசு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் காப்பி போட்டார். எங்கள் ஊரில் பால் இல்லாத கறுப்புக் காப்பி. இங்கே பாதிக்கு மேல் பால். கூடவே ஒரு முழ நீளத்துக்கு ரொட்டி. பிரெஞ்சுக்காரர்கள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ரொட்டி மட்டும் போகவில்லை. அண்ணன் இடது கையால் அதைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண் நிறைந்தது. வாயைத் திறந்தார்.

“தா” என்றார்.

அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமானாலும் தா, கதவைச் சாத்தச் சொன்னாலும் தா, மனைவி பெயரும் தா. தமிழில் அதற்கு ஓர் அர்த்தம் இருப்பதுதான் தொல்லை. வருகிறவர்கள் எல்லாம் எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டார் கொடுத்த விசிறி, பழம், போர்வை, ஒரு குடை எல்லாம் கட்டிலைச் சுற்றிக் கிடந்தன. அவர் கேட்டது அவற்றில் ஒன்றும் இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து அவருக்காக வாய்விட்டு ஜெபம் பண்ணினேன். ஜெபம் என்றால் எனக்கு அதுதான்: கதவைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் சொந்த வார்த்தையில் பேசுவது. வகுப்பில் விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுப்பவள் நான். என் ஜெபமும் ஏறக்குறைய அந்த அமைப்பில்தான் இருக்கும். வணக்கம், வேண்டுகோள், அதற்கான காரணம், முன்கூட்டியே நன்றி. அண்ணனுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுக்கும்படி தெளிவாகக் கேட்டேன். என் பெயரை அவர் வாயால் கேட்க ஆசை என்பதையும் சேர்த்துக்கொண்டேன். நல்ல ஜெபம். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தெருவில் கதவைச் சாத்துவது ஒரு பேச்சுக்குத்தான். அக்டோபர் அவர்களுக்குச் செபமாலை மாதம். சாயங்காலம் மணி அடித்ததும் தெருமுனைக் கெபியில் ஜனம் கூடிவிடும். கெபி என்றால் கல்லால் குகை மாதிரி கட்டி உள்ளே மாதாவை வைத்திருக்கும் இடம். கூட்டத்தை நடத்துகிறவர் மதாம் என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு வயதான அம்மாள். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்த ஊரில் சொல்தா என்பார்கள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு மதாம் தெருவைப் பட்டாளமாக வைத்துக்கொண்டார். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மந்திரம். அதன் முதல் பாதியை அவர் சொல்வார், இரண்டாம் பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். அவர் பாதி முடியும் முன்பே இவர்கள் பாதி ஆரம்பித்துவிடும். இவர்கள் ஆமென் சொல்லும் முன் அவர் அடுத்ததில் இருப்பார். எக்ஸ்பிரஸ் ரயில் இரண்டு எதிர் எதிராகப் போவது போல இருக்கும். மோதுவதில்லை.

கூட்டத்தில் ஓர் ஓரமாக மீன்காரி அஞ்சலையும் நிற்பாள். வீராம்பட்டினத்திலிருந்து கூடையோடு வருகிறவள், மாரியம்மனைக் கும்பிடுகிறவள். மிச்ச மீனைக் கூடையோடு கீழே வைத்துவிட்டு, பூனையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, இரண்டாம் பாதியை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வாள்.

அண்ணன் கெபிக்குப் போவதில்லை. இழுத்துக்கொண்ட வாயோடு நாலு பேர் முன்னால் நிற்க வெட்கம். முடியாமல் போன நாளிலிருந்து வாசலைத் தாண்டவில்லை என்றார் அண்ணி.

மூன்றாம் நாள் நான் மதாமிடம் மரியாதையாகவே கேட்டேன். “சொன்னதையே இத்தனை தடவை, இவ்வளவு வேகமாகச் சொன்னால், அர்த்தத்தை எப்போது நினைப்பது மதாம்?”

“அங்க மலேயால நீ எப்படிச் சொல்லுவ?”

“தனியாக, அமைதியாக. மனசில் இருப்பதை.”

மதாம் யோசித்தார். “தனியா சொன்னா நான் தூங்கிடுவேன். மாலைல எந்த மணில நிக்கிறேன்னும் மறந்துடும். பக்கத்துல நாலு பேர் இருந்தா ஒருத்தி இடிப்பா. அதுக்குத்தான் கூட்டம். வேறொண்ணும் இல்ல.” பிறகு, “அலோர்” என்று பிரெஞ்சில் பேச்சை மாற்றி, “சனிக்கிழம மாதா உங்க வூட்டுக்கு வர்றாங்க. தரையைக் கழுவி வையுங்க” என்றார்.

அந்த மாதத்தில் மாதா சுரூபம், அதாவது சிலை, நாளுக்கு ஒரு வீடாகப் போகுமாம். கூடவே தெருவும் போகுமாம். சீக்காளி இருக்கும் வீட்டில் இவ்வளவு இரைச்சல் ஆகாது என்று அண்ணியிடம் சொன்னேன்.

“வர்றவங்கள எப்படிம்மா வேணாம்னு சொல்றது?” என்றார் அண்ணி. அவர் சொன்னது மாதாவையா, மதாமையா என்பது எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது. அரியாங்குப்பத்தில் எண்ணெய் போட்டு நீவுகிற வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று அஞ்சலை சொல்லியிருந்தாள். மழையில், வாடகைக்குப் பிடித்த ரிக்‌ஷாவில் பஸ் நிறுத்தம்வரை அண்ணனைக் கூட்டிப்போனோம். எங்கள் ஊர் பஸ்ஸில் சீட்டு கொடுப்பவர் சீட்டு மட்டும் கொடுப்பார். இங்கே கண்டக்டர் பஸ்ஸையே ஓட்டுகிறார், விசிலால். அண்ணனின் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். பின்னாலிருந்து நானும் அண்ணியும் தாங்கிக்கொண்டிருந்தோம். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது.

அப்போது அண்ணன் பேசினார்.

இரண்டே சொற்கள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. டிரைவரின் தாயாரைப் பற்றியது. அதை இங்கே எழுதுவதற்கில்லை. பஸ் நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யோவ், வாயி நல்லாத்தானே கீது!” என்றார் கண்டக்டர்.

அண்ணி கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டு கோவென்று அழுதார். “அண்ணே, எங்கூட்டுக்காரரு பேசி ரெண்டு மாசம் ஆச்சுண்ணே. இன்னொரு வாட்டி விசில் அடிங்கண்ணே.”

கண்டக்டர் நல்ல மனிதர். அடித்தார். பஸ் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தது.

“தா” என்றார் அண்ணன். யாரோ எழுந்து அவருக்கு ஜன்னல் ஓரத்து இடத்தைக் கொடுத்தார்கள்.

வைத்தியர் நீவிவிட்டார். எண்ணெய் நாற்றம் எங்கள் மூன்று பேர்மேலும் ஏறியது. வீராம்பட்டினம் பக்கத்தில்தான் என்பதால் அஞ்சலை அங்கே வந்து சுறாப்புட்டும் சோறும் கொடுத்தாள். இவ்வளவு ருசியான சுறாவை நான் கிள்ளானில் தின்றதில்லை. அண்ணி ஒரு வாய் சாப்பிடவில்லை. திரும்பும் வழியில்தான் காரணத்தைச் சொன்னார்.

“நாளைக்கு மாதா வர்றாங்க கிரேசு. தெருவே வூட்ல கூடியிருக்கும். அந்த நேரம் பாத்து இவரு அந்த வார்த்தய சொல்லிட்டாருன்னா?”

அந்த வார்த்தை யாருடைய தாயாருக்கும் பொருந்தக்கூடியது.

சனிக்கிழமை தரையைக் கழுவினோம். அண்ணனுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பின்சுவர் ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்தோம். ஏற்பாடு இது: இடது பக்கம் அண்ணி, வலது பக்கம் நான். என் கையில் ஒரு துண்டு. வாய் திறந்தால், எச்சில் துடைப்பதுபோல நான் பொத்திவிட வேண்டும். ஜெபக் கூட்டம் எதிலும் எனக்கு இதுவரை இப்படி ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டதில்லை.

மாதா கனகாம்பர மாலையோடு வந்தார். பின்னால் நனைந்த செருப்புகள், நனைந்த குடைகள், நனைந்த ஜனம். இரண்டு அறையும் நிறைந்து, மீதிப் பேர் வாசலில் மழையில் நின்றார்கள். அஞ்சலையின் கூடை கதவோரம். மதாம் முழங்கால் போட்டு, “ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டு, யாரும் பதில் சொல்லும் முன் ஆரம்பித்தார்.

செபமாலையில் முதல் பத்து மணி முடிந்தது. அண்ணன் தலை குனிந்தே இருந்தது. அடுத்ததில் பாதி வந்தபோது அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். தொண்டையில் ஏதோ உருண்டது. அண்ணி என் முழங்கையை அழுத்தினார். வாய் திறந்தது. நான் துண்டைத் தூக்கினேன்.

“அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே,” என்றார் அண்ணன்.

துண்டு என் கையில் அந்தரத்தில் நின்றது. அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் பாதியில் பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்ற இடத்தைத் தாண்டி, மரண நேரம் வரைக்கும் போய், ஆமென் சொல்லி முடித்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே நான் கேட்டு வளர்ந்த அதே குரல். கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். விஷயம் முன் வரிசைவரை பரவியது. அவர் குரலைக் கேட்க ஆசைப்பட்டு ஒவ்வொருவராகத் தங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வீடு அடங்கியது. அண்ணன் குரல் நடுவில் தனியாக நின்றது. ஒரு சொல் தள்ளாடியது. அடுத்த சொல் வரவில்லை. வாய் திறந்தபடி, பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார்.

“ஏன் நிறுத்தினீங்க?” என்று மதாம் அதட்டினார். “அவனை வேடிக்கை பார்க்கவா வந்தீங்க? சொல்லுங்க எல்லாரும்!”

தெரு மறுபடி சொல்ல ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக. அண்ணன் குரல் அதற்குள் இறங்கிக்கொண்டது. இனி அவர் சொல்வது எது, மற்றவர்கள் சொல்வது எது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. மதாம் மட்டும், நான் பார்த்த நாளிலிருந்து முதல் முறையாக, வேகத்தைக் குறைத்திருந்தார்.

நான் அந்தச் செபத்தில் சேரவில்லை. மாதாவிடம் வேண்டுவது எங்கள் சபையில் வழக்கமில்லை. துண்டால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதற்கும் ஓர் உபயோகம் கிடைத்தது.

எல்லாம் முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரத்தில் அண்ணி அவர் முன்னால் உட்கார்ந்து, “என் பேரு சொல்லுங்க. மேரின்னு சொல்லுங்க. இப்ப இத்தன வாட்டி சொன்னீங்களே” என்றார்.

அண்ணன் முயன்றார். நெற்றி வியர்த்தது.

“தா.”

அண்ணி சுண்டல் தட்டை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது புதுமை ஆகிவிட்டது. புதுமை என்றால் அவர்கள் பாஷையில் அற்புதம். முத்தியால்பேட்டையிலிருந்துகூட மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். பங்குச் சாமியார் குடை பிடித்துக்கொண்டு வந்து, புதுமை என்ற பேச்சு வேண்டாம், மெழுகுவர்த்தியைக் கோயிலில் ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஆச்சரியப்படவில்லை.

“வருஷக்கணக்கா திரும்பத் திரும்பச் சொன்னது வேற எடத்துல தங்கியிருக்கும்மா. பாட்டு, மந்திரம், ஒண்ணு ரெண்டு எண்றது. நாலு பேர் கூடச் சொன்னா வரும். தானா யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லணும்னாத்தான் கஷ்டம். கெட்ட வார்த்தை ஏதாவது சொல்றாரா?”

அண்ணி தரையைப் பார்த்தார். “ஒரே ஒரு வாட்டிங்க” என்றார்.

“அதுவும் அப்படித்தான்” என்றார் டாக்டர். அண்ணியின் முகத்தில் எவ்வளவோ நாளுக்குப் பிறகு ஒரு நிம்மதி தெரிந்தது.

அன்று சாயங்காலம் மதாமிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “அப்படியானால் இது ஜெபத்தின் பலன் இல்லை அல்லவா?” என்று கேட்டேன்.

“கேட்டது கெடச்சாத்தானே பலன்? அவன் பேசணும்னு நான் கேக்கவே இல்லியே” என்றார் மதாம். “என் முட்டிக்காக வேண்டிக்கினு இருந்தேன். முட்டி அப்படியேதான் கீது.”

ஆனாலும் மறுநாளிலிருந்து கூட்டத்தைக் கெபியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு மாற்றியவர் அவர்தான். சேற்றில் அண்ணனால் கெபிவரை வர முடியாது என்பது காரணம். யாரையும் கேட்கவில்லை. மணி அடித்ததும் ஜனம் வந்தது. அண்ணன் முன்கூட்டியே சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் இருப்பார். வாய் கோணலாகத்தான் இருந்தது. அதை மறைப்பதை விட்டுவிட்டார். நான் வாசல்படியில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். பகலில் அறைக்குள் என் ஜெபத்தையும் தொடர்ந்தேன். வேண்டுகோள் பகுதி மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. என்ன கேட்பது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

நான் புறப்படுவதற்கு முந்திய நாள் புயல் மழை. நெல்லித்தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர். எதிர்வீட்டுப் பீப்பாய் ஒன்று தெருவோடு மிதந்து போனது. மணி அடிக்கவில்லை. யாரும் வரவில்லை. மதாமின் முட்டி தண்ணீரில் இறங்க மறுத்துவிட்டதாக ஜன்னலுக்கு ஜன்னல் கூவிச் செய்தி வந்து சேர்ந்தது. அண்ணி உள்ளே ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியது. பிறகு வாசலைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். இடது கையால் செபமாலையை எடுத்து என் மடியில் வைத்தார்.

“எனக்கு இது தெரியாது அண்ணா” என்றேன். அது உண்மை இல்லை. அந்த மாதம் முழுக்க அதைக் கேட்ட யாருக்கும் அது தெரியாமல் இருக்க முடியாது. “எங்கள் சபையில் இது கிடையாது” என்று திருத்திச் சொன்னேன். அது உண்மை. அண்ணன் மாலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நான் முதல் பாதியை ஆரம்பித்தேன். நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டது. அவரால் எடுத்துக்கொடுக்க முடியவில்லை, அவரிடம் இருந்தது இரண்டாம் பாதி மட்டும். அடுப்படியிலிருந்து அண்ணி அந்தச் சொல்லைக் கத்தினார். முடித்தேன். அண்ணன் பதில் சொன்னார். தெரு இல்லாததால் குரல் மெதுவாக வந்தது, இரண்டு இடத்தில் தடுக்கியது. நான் என் ஆசிரியைப் புத்தியில் காத்திருக்கப் பார்த்தேன். பிறகு மதாம் அதட்டியது நினைவு வந்து, நானும் சேர்ந்து சொன்னேன். குரல் நிமிர்ந்துகொண்டது. பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணி கையில் ஊதுகுழலோடு வந்து கதவோரம் உட்கார்ந்தார். அடுப்பு அணைந்திருக்க வேண்டும்.

கப்பலேறிப் போனவரோடு அத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான். நான் ஒரு பாதி, அவர் ஒரு பாதி. என் பெயர் அதில் வரவில்லை. கடைசி மணி முடிந்ததும் மாலையை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வெளியே மழை நிற்கிற மாதிரித் தெரியவில்லை. நான் முதல் மணியைத் தேடி எடுத்து, மறுபடி ஆரம்பித்தேன்.